லோடு ஏத்துனாத்தான் தெரியும்

திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துல, ஏற்றத்தின் சரியான நடுவில், காலை ஆறரை மணிக்கு, அறுபது வாழைத்தாரோட ஒரு பிக்கப் வண்டி நின்னுபோனா என்ன நடக்கும்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். பின்னால வந்த பஸ்காரர் ஹாரன்ல இருந்து கையை எடுக்கவே இல்லை. பைக்ல போனவர்களெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வண்டி எங்க அப்பாவோடது. பிரேக்கை மிதித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது அப்பா. இறங்கி ஓடிப்போய்ப் பின் டயருக்குக் கல் முட்டுக் கொடுத்தது நான்.

இது நடந்தது 2024 ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை. அப்போ நான் ட்ரிபிள் ஈ மூன்றாம் வருஷத்துக்குள் காலடி எடுத்து வைத்திருந்தேன். அந்த வண்டியில ஒரு பாகத்தை மாத்தினோம். அதை மாத்தச் சொன்னது நான்தான். அந்தக் கதையைத்தான் எழுதப் போறேன். படிச்சு முடிச்சிட்டு என்னைக் கிண்டல் பண்ணணும்னா பண்ணிக்கலாம். ஹாஸ்டல்ல ஏற்கனவே பாதிப் பேர் பண்ணியாச்சு.

எங்க ஊர் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் இருக்கு. கன்னடியன் கால்வாய்ப் பாசனம். நெல்லும் வாழையும்தான் எல்லாருக்கும் சோறு போடுது. அப்பாவுக்கு நிலம் கிடையாது, வண்டிதான் நிலம். ராத்திரி ரெண்டரை மணிக்கு எழுந்து, தோட்டத்துல வெட்டி வச்ச தாரை ஏற்றி, பத்தமடை, முன்னீர்பள்ளம், மேலப்பாளையம் வழியா விடியறதுக்குள்ள மார்க்கெட் போயிரணும். சில நாள் பாளையங்கோட்டை மார்க்கெட்ல பாதியை இறக்கிவிட்டு, மீதியை டவுன் நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். அப்படிப் போன ஒரு நாள்தான் மேம்பாலத்துல மாட்டினோம். மாசம் 11,200 ரூபாய் இஎம்ஐ. வண்டி ஒரு நாள் நின்னா அன்னைக்கு வாடகை போச்சு. ரெண்டு நாள் நின்னா, தோட்டக்காரர் வேற வண்டிக்குப் பேசிடுவார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. வெட்டின தார் யாருக்காகவும் காத்திருக்காது.

வண்டியோட கம்பெனி பெயரைச் சொல்லப் போறதில்லை. எந்தக் கம்பெனி வண்டிக்கும் இது நடக்கும். காமன் ரெயில் டீசல் இன்ஜின்; அது போதும்.

அன்னைக்குப் பாலத்துல பத்து நிமிஷம் கழிச்சு, சாவியைத் திருப்பினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிட்டு. டாஷ்போர்டுல மட்டும் இன்ஜின் லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நான் பையிலிருந்து என்னோட ஓபிடி டாங்கிளை எடுத்தேன். ஆன்லைன்ல வாங்கினது. ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கிற சாக்கெட்ல சொருகினா, புளூடூத் வழியா போன்ல கோடு வரும். வந்தது: பி-0251. தேடிப் பார்த்தேன். எரிபொருளை அளந்து விடுகிற கட்டுப்பாட்டு சர்க்யூட்ல கோளாறுன்னு போட்டிருந்தது.

அப்பாவும், டீ கொண்டுவந்த அம்மாவும், வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அந்த நிமிஷம் ரொம்பப் பிடிச்சிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு டாக்டர் மாதிரிதான் சொன்னேன்.

“ப்பா, ஃபியூல் மீட்டரிங் யூனிட் போயிட்டு. மாத்திரணும்.”

“நிச்சயமால?”

“கம்ப்யூட்டரே சொல்லுதுப்பா.”

அந்த யூனிட் என்ன வேலை செய்யுதுன்னு அன்னைக்கு அண்ணாச்சிக்கு விளக்கினதை உங்களுக்கும் சொல்லிடுறேன். அது மட்டும் இன்னைக்கும் சரிதான். கன்னடியன் அணைக்கட்டுல ஷட்டரை எவ்வளவு திறக்கிறாங்களோ, அவ்வளவு தண்ணி கால்வாய்க்குள்ள வரும். கால்வாயில இருந்து ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மடை. காமன் ரெயில் இன்ஜின்லயும் இதே கதைதான். ரெயில்ங்கிற தடித்த குழாய்தான் கால்வாய். நாலு சிலிண்டருக்கும் டீசலைப் பீய்ச்சுற இன்ஜெக்டர்கள்தான் மடை. ஹை பிரஷர் பம்புக்குள்ள எவ்வளவு டீசல் போகணும்னு தீர்மானிக்கிற ஷட்டர்தான் இந்த மீட்டரிங் யூனிட். ஷட்டரைத் திருப்புற ஆள் ஈசியூ. ரெயில்ல இருக்கிற பிரஷர் சென்சாரைப் பார்த்துப் பார்த்து, வேணுங்கிற அளவுக்கு யூனிட்டைத் திறந்து மூடிக்கிட்டே இருக்கும்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, அது அழுத்தம். பாபநாசம் அணை நிரம்பினா 143 அடி. அவ்வளவு உயரத் தண்ணி அடியில கொடுக்கிற அழுத்தம் கணக்குப் போட்டா சுமார் 4.3 பார் வருது. காமன் ரெயில்ல முழு லோடுல அழுத்தம் 1600 பார் வரை போகும். பாபநாசம் அணையைப் போல 370 மடங்கு, கை தடிமன்கூட இல்லாத ஒரு குழாய்க்குள்ள! அதனாலதான் இன்ஜின் ஓடும்போது அந்த லைன்ல கை வைக்கவே கூடாதுன்னு சொல்றது. கசிவு ஊசி மாதிரித் தோலுக்குள்ள இறங்கிரும்.

யூனிட்டுக்குள்ள இருக்கிறது ஒரு காயில், ஒரு சின்ன வால்வு. ரெண்டே வயர். எங்க வண்டியில கரண்ட் போகலைன்னா அந்த வால்வு முழுசாத் திறந்துக்கும். ஷட்டர் ஆள் இல்லாம அணை முழுசாத் திறந்த மாதிரி. அதனால சர்க்யூட் அறுந்துட்டதா ஈசியூவுக்குத் தெரிஞ்சா, பிரஷர் எல்லை மீறுறதுக்கு முன்னாடி இன்ஜினை நிறுத்திரும். பாலத்துல நடந்தது அதுதான்.

திங்கட்கிழமை அப்பா வண்டியை ஒர்க்ஷாப்ல விட்டார். அங்கேயும் ஸ்கேனரைப் போட்டார்கள், அதே கோடு. “உங்க பையன் சொன்னது சரிதான்” என்று சொன்னார்களாம். அப்பா போன்ல அதை என்கிட்ட ரெண்டு தடவை சொன்னார். புது யூனிட், ஓ-ரிங், வேலைக்கூலி, ஸ்கேனர் சார்ஜ் எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். வண்டி ஜம்முன்னு ஓடியது. ஹாஸ்டல்ல நான் ரூம் மேட்டுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, டாங்கிளை எடுத்துக் காட்டி, பெருமை பட்டுக்கிட்டேன்.

சரியா 19 நாள்.

இருபதாவது நாள் காலையில முன்னீர்பள்ளத்துக்கிட்ட லோடோட நின்னுட்டு. அதே மாதிரி கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்டார்ட் ஆச்சு. அதே கோடு. ஒர்க்ஷாப்ல லோடு இல்லாம ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாங்க, ஒரு தடவைகூட நிக்கல. அப்புறம் அவங்க சொன்னது நியாயமாத்தான் இருந்தது: “யூனிட் புதுசு. அப்படியும் அதே கோடு வருதுன்னா, அதை ஓட்டுற ஈசியூதான் போயிருக்கணும்.” புது ஈசியூ, கோடிங் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய்.

அன்னைக்கு ராத்திரி அப்பா போன் பண்ணினார். எப்பவும், “சாப்ட்டியால?” என்றுதான் ஆரம்பிப்பார். அன்னைக்கு அது இல்லை.

“ஏலே, ஈசியூ மாத்தணும்னு சொல்லுதாவ. நாப்பத்திரெண்டு ஆகுமாம். உங்கம்மா செயின் டிசம்பர்லயே சொசைட்டிக்குப் போயிட்டு. ஒன் பீஸுக்கு எடுத்து வச்சிருக்க காசுதான் இருக்கு. அத எடுத்துப் போட்டுட்டு, காலேஜ்ல கொஞ்சம் டயம் கேட்டுக்கிடலாமா?”

கேள்வி அதோட நிக்கல. கொஞ்சம் பேசாம இருந்துட்டுக் கேட்டார்: “ஈசியூதானால? நீ என்ன சொல்லுத?”

முதல் தடவை ‘நிச்சயமால?’ன்னு கேட்டப்போ, கண்ணை மூடிக்கிட்டுப் பதில் சொன்னேன். இந்தத் தடவை வாயில வார்த்தை வரல. “ஒரு வாரம் பொறுங்கப்பா. சனிக்கிழமை நான் வாரேன். அதுவரைக்கும் லோடு ஏத்தாதீங்க”ன்னு மட்டும் சொன்னேன். ஒரு வாரம் லோடு ஏத்தாம இருக்கிறதுன்னா என்னன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரின்னு வச்சிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மல்ட்டிமீட்டர் ஒண்ணு கடன் கேட்டு நம்ம மெஷின்ஸ் லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட போனேன். எதுக்குன்னு கேட்டார். சொன்னேன்.

“கோடு என்ன சொல்லுச்சு?”

“மீட்டரிங் யூனிட்ணே.”

“கோடு அப்படியா சொல்லுச்சு? முழுசாச் சொல்லு.”

“மீட்டரிங் கன்ட்ரோல்… சர்க்யூட்.”

“அப்ப சர்க்யூட்னா என்னடே? யூனிட் மட்டுமா? வயர் எங்க போச்சு?”

“வயர் பார்த்தேண்ணே. ரெண்டு பக்கமும் வச்சு கன்டினியூட்டி பார்த்தேன். பீப் வந்துச்சு.”

அவர் ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டே கேட்டார்: “நீ லோட் டெஸ்ட்ல மோட்டரை நோ லோட்ல ஓட்டி ரீடிங் எடுத்துட்டு, ரெக்கார்டை முடிச்சிருவியா?”

அவ்வளவுதான் கேட்டார். மீட்டரைக் கையில கொடுத்துட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிட்டார்.

பஸ்ல வீடு வர்ற வரைக்கும் அதே கேள்விதான் ஓடிச்சு. லோட் டெஸ்ட் நானும் பண்ணியிருக்கேன். கிராஃப் போட்டிருக்கேன். வைவால பதில் சொல்லி மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா அது லேப் டேபிளை விட்டு வெளிய வந்து எங்க அப்பா வண்டிக்குள்ள போகும்னு ஒரு நாளும் நினைக்கல. மல்ட்டிமீட்டர் கன்டினியூட்டி பார்க்கிறப்போ அனுப்புற கரண்ட் ரொம்பக் கம்மி. ஒரு மில்லிஆம்பியர் கணக்கு. பல மீட்டர்கள்ல முப்பது ஓம் வரைக்கும் இருந்தாலும் பீப் அடிச்சிரும். நம்ம யூனிட்டோட காயிலே மூணு ஓம்தான்! முப்பது பிரிக் கம்பில இருபத்தெட்டு அறுந்து ரெண்டு மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் பீப் வரும். அந்தப் பீப்பை நம்பித்தான் நான், ‘வயர் ஓகே’ன்னு முடிவு பண்ணியிருந்தேன்.

சனிக்கிழமை காலையில வேப்பமரத்தடியில பானட்டைத் தூக்கினோம். அப்பா பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டேன்.

“ப்பா, வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?”

அப்பா எழுந்து வந்து, கையால முன் சக்கரத்துக்கு மேல, ஃபெண்டர் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். ஹை பிரஷர் பம்ப் அதுக்கும் கீழ இருக்கு.

2023 டிசம்பர் 17, 18 இந்தப் பக்கத்துல யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோட அப்படியே நின்னது. தாமிரபரணி ரெண்டு கரையும் புரண்டு, கைலாசபுரம், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டைன்னு ஜங்ஷனைச் சுத்தி எல்லாம் தண்ணி. அப்பா அந்த ஞாயித்துக்கிழமை சிந்துபூந்துறையில அத்தை வீட்டுக்குப் போயிருந்தார். வண்டியைத் தெருவுல நிறுத்திட்டு மாடியில படுத்தவர், விடிஞ்சு பார்த்தா வண்டி பாதித் தண்ணிக்குள்ள நின்னிருக்கு. தண்ணி வடிஞ்சப்புறம் ஒழுங்காத்தான் வேலை பார்த்தோம். இன்ஜின் ஆயில், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாம் மாத்தி, டேங்கைக் காலி பண்ணிக் கழுவி, அதுக்குத்தான் அம்மா செயின் போச்சு. வண்டி ஓட ஆரம்பிச்சதும், முதல் நடை ஸ்ரீவைகுண்டம் பக்கம் அரிசி மூட்டையும் பாயும் ஏத்திக்கிட்டுத்தான் போச்சு. வாடகை வாங்கல.

எல்லாத்தையும் மாத்தினோம். வயரைக் கழட்டிப் பார்க்கணும்னு யாருக்கும் தோணல. வெளியில காய்ஞ்சிட்டா காய்ஞ்சிட்டுன்னு நினைச்சோம்.

இப்போ டெஸ்ட்டுக்கு வர்றேன். இது நம்ம ஜூனியர்களுக்காக. கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். பேட்டரி நெகட்டிவ் கிளாம்பைக் கழட்டினேன். ஈசியூ பிளக்கையும் யூனிட் பிளக்கையும் கழட்டினேன். இப்போ ரெண்டு வயரும் ரெண்டு பக்கமும் சும்மா இருக்கு. எதையும் சுட்டுத் தள்ளிட மாட்டோம். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு, 21 வாட். அது 12 வோல்ட்ல ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும். ஏறத்தாழ நம்ம யூனிட் இழுக்கிற அளவுதான். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து டெஸ்ட் பண்ற வயருக்கு, அதோட மறு நுனியில இருந்து பல்புக்கு, பல்புல இருந்து நேரா பேட்டரி நெகட்டிவ் முனைக்கு. டெர்மினலுக்குள்ள தடித்த கம்பியைச் சொருகக்கூடாது, பிடிப்பு விட்டுப்போகும். மெல்லிய பின் போதும்.

முதல் வயர். பல்பு பளிச்சுன்னு எரிஞ்சது. பல்புக்குக் குறுக்கே 12.1 வோல்ட்.

ரெண்டாவது வயர். ஈசியூவுல இருந்து யூனிட்டுக்கு வர்ற வயர். இதுலயும் முந்தி பீப் வந்தது. இப்போ பல்பு எரிஞ்சது, ஆனா சாமி மாடத்து விளக்கு மாதிரி. 8.6 வோல்ட். மூணரை வோல்ட் அந்த வயருக்குள்ளயே எங்கயோ விழுது. ஒன்றரை ஆம்பியர்னு வச்சுக்கிட்டாக்கூட ரெண்டு ஓமுக்கு மேல வருது. காயில் அளவுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு காயில், வயருக்குள்ள ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கு.

“ப்பா, இத லேசா ஆட்டுங்க”ன்னேன். அப்பா யூனிட் பிளக்குக்கு ஒரு ஜாண் பின்னால வயரைப் பிடிச்சு மெதுவா வளைச்சார். பல்பு அணைஞ்சது. விட்டார். எரிஞ்சது. திரும்ப வளைச்சார். அணைஞ்சது.

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அப்பா அந்த வயரைப் பச்சப்புள்ள கையைப் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சுக்கிட்டு, இன்னும் நாலு தடவை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

டேப்பைப் பிரிச்சு, இன்சுலேஷனை பிளேடால கீறினேன். உள்ள செம்பே இல்லை, பச்சை. செப்புக் குடத்துல புளி போட்டுத் தேய்க்காம விட்டா படியுமே, அந்தப் பச்சை. தொட்டா பொடியா உதிர்ந்தது. பிளக் வழியா இறங்கின வெள்ளத் தண்ணி, விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி, கம்பிப் பிரிகளுக்கு நடுவுல ஏறியிருக்கு. மேல இன்சுலேஷன் மூடியிருக்கிறதால காயவே இல்லை. ஏழு மாசமா உள்ளுக்குள்ளயே தின்னுக்கிட்டு இருந்திருக்கு. மிச்சம் இருந்தது ரெண்டோ மூணோ பிரி.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா விளங்கிச்சு. ஏன் லோடுல மட்டும் நிக்குது? டீசல் பத்தலைன்னுதான் எல்லாரும் நினைச்சோம். உண்மையில, பாரத்தோட ஏத்தத்துல ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா, இன்ஜின் தன்னோட ரப்பர் மவுண்டுல ஒரு பக்கமாச் சாயும். பம்ப் இன்ஜின்ல இருக்கு, ஈசியூ பாடியில இருக்கு. நடுவுல இருக்கிற வயர் ஒரு இழு இழுபடும். மிச்சம் இருந்த ரெண்டு பிரி அந்த நிமிஷம் விட்டுப்போகும். ஒர்க்ஷாப்ல லோடு இல்லாம ஓட்டினா இன்ஜின் சாயாது, வயரும் இழுபடாது. பின்ன எப்படி நிக்கும்?

புது யூனிட் போட்டதும் 19 நாள் ஏன் ஓடிச்சு? பிளக்கைக் கழட்டி மாட்டும்போது வயர் வேற வளைவுல உட்கார்ந்திருக்கு. அறுந்த பிரிகள் தற்காலிகமா ஒண்ணையொண்ணு தொட்டிருக்கு. புதுப் பாகத்தாலதான் சரியாச்சுன்னு நாம நினைச்சிட்டோம். பாகத்தை மாத்தினதும் வண்டி ஓடுறதாலேயே, அந்தப் பாகம்தான் கெட்டிருந்ததுன்னு ஆகிடாது. இந்த ஒரு வரிக்கு நாங்க கொடுத்த விலை 9,400 ரூபாய்.

சேரன்மகாதேவியில புது ரெண்டு பின் பிளக், அதே கனமுள்ள வயர், டெர்மினல், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், நெளி குழாய் எல்லாம் வாங்கினோம். 380 ரூபாய். பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் பழைய வயரை வெட்டிக்கிட்டே போனேன். முக்கால் அடி போச்சு. புது வயரை கிரிம்ப் பண்ணி, உள்ள பசை உள்ள ஸ்லீவைப் போட்டுச் சூடு காட்டி மூடி, இன்ஜின் ஆடினா இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டினேன். திரும்ப பல்பு டெஸ்ட்: 12.1 வோல்ட். ஆட்டினாலும் அசையல. கோடை அழிச்சிட்டு ஸ்டார்ட் பண்ணினோம்.

“சரியாயிட்டுப்பா”ன்னு சொல்ல வாய் வந்தது. சொல்லல.

அப்பாவே சொன்னார்: “லோடு ஏத்துனாத்தாம்ல தெரியும்.”

லேப் அண்ணன் என்ன கேட்டார்னு அப்பாவுக்கு நான் சொல்லவே இல்லை.

ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் பழைய யூனிட்டைத் தேடி எடுத்தேன். ஒர்க்ஷாப்ல கேட்டு வாங்கி, சீட்டுக்கு அடியில சாக்குல சுத்திப் போட்டிருந்தார் அப்பா. காயிலை அளந்தேன். 3.1 ஓம். அப்பழுக்கு இல்லை. உள்ள வால்வு எப்பவாவது இறுகுச்சான்னு மல்ட்டிமீட்டரால பார்க்க முடியாது. அதனால நூறு சதவீதம் நல்ல யூனிட்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அதை மாத்தினதுக்குக் காரணம் ஒர்க்ஷாப் இல்லை. “கம்ப்யூட்டரே சொல்லுது”ன்னு சொன்னவன் நான். அவங்க ஸ்கேனரைப் போடுறதுக்கு முன்னாடியே அப்பா போய், “எம்மவன் பாத்துட்டான், மீட்டரிங் யூனிட்டாம்” என்றுதான் வண்டியை விட்டிருக்கார். கோடு ஒரு தெருவைக் காட்டிச்சு. நான் அதுல முதல்ல கண்ணுல பட்ட வீட்டுக் கதவைத் தட்டிட்டு, இதுதான் திருடன் வீடுன்னு சொல்லிட்டேன்.

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். “ப்பா, இது நல்லாத்தான் இருக்கு. ஒம்பதாயிரத்து நானூறு என்னாலதான் போச்சு.”

அவர் யூனிட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “டாக்டருக்குப் படிக்கவன் பொணத்த அறுத்துப் படிக்கான். நீ எவ் வண்டிய அறுத்துப் படிச்சிட்ட. போல, போய்ப் படு” என்றார். அப்புறம் அதைத் துடைச்சு, பழையபடி சாக்குல சுத்தி, டாஷ்போர்டு பெட்டிக்குள்ள வச்சார். “இருக்கட்டும். ஸ்பேர்.”

வெள்ளத்துல நின்ன வண்டி நம்ம தாமிரபரணிக் கரையில எங்க ஒண்ணு மட்டும் இல்லை. ஆட்டோ, டிராக்டர், பிக்கப், உங்க வீட்டு ஸ்கூட்டர்னு நூத்துக்கணக்குல இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. அதுல எதுவாவது விட்டு விட்டு மக்கர் பண்ணினா, எந்தப் பாகத்தையும் மாத்தறதுக்கு முன்னாடி, தண்ணி நின்ன மட்டத்துக்குக் கீழ இருக்கிற பிளக் ஒவ்வொண்ணையும் கழட்டி உள்ள பச்சை இருக்கான்னு பாருங்க. எர்த் வயர் பாடியில சேர்ற இடத்தைச் சுரண்டிப் பாருங்க. பீப் சத்தத்தை நம்பாதீங்க; பல்பைப் போட்டு, வயரை ஆட்டிப் பாருங்க. ஒரு இண்டிகேட்டர் பல்பு விலைதான் செலவு. நம்ம டிபார்ட்மென்ட்ல படிக்கிற யாருக்கும் இது தெரியாததில்லை. லேபுக்கு வெளியில ஞாபகம் வர்றதில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அதிகாலை நானும் கூடப் போனேன். ராத்திரி ரெண்டே முக்காலுக்கு எண்பது தார் ஏத்தினோம். பாளையங்கோட்டை மார்க்கெட்ல இறக்க வேண்டியது அன்னைக்கு ஒண்ணுமே இல்லை. மேலப்பாளையத்துல இருந்து நேரா டவுனுக்குத் திரும்பியிருக்கலாம். அப்பா திரும்பல. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஜங்ஷன் வந்து, ஈரடுக்கு மேம்பாலத்துல ஏத்தினார். அதே நடு ஏற்றம் வந்தப்போ செகண்ட் கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரை நல்லா மிதிச்சார். நான் கதவுக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, காலுக்குக் கீழே கல் இருக்கான்னு பார்த்துக்கிட்டேன். ரெண்டு கல் எடுத்து வச்சிருந்தேன்.

வண்டி பாட்டுக்கு ஏறி அந்தப் பக்கம் இறங்கிட்டு. அப்பா ஒண்ணும் பேசல. நயினார்குளம் மார்க்கெட் வாசல்ல டீக்கடையில நிறுத்தி, “சாப்ட்டியால?”ன்னு மட்டும் கேட்டார்.